ஏழரை லட்சம் கடன்: தம்பியை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கலாமா?

காலண்டர் வீடு
ஜூன் 11, இரவு 10.20

சிவகாசியிலிருந்து எழுதுகிறேன். தம்பி இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தான். பொறியியல் கட்ஆஃப் 200க்கு 156.5. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டோம். அது தொடங்குவதற்குள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு ஆள் சேர்க்க வீட்டுக்கே ஒருவர் வந்துவிட்டார்.

வந்தவர் மரியாதையானவர். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார், அப்பாவின் வேலையை விசாரித்தார், வழவழப்பான கையேடு ஒன்றை விரித்தார். அப்பா முப்பது ஆண்டுகளாக அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்பவர். கையேட்டை வாங்கியதும் படங்களைப் பார்க்கவில்லை. தாளைத் தடவிவிட்டு, "கனத்த ஆர்ட் தாள், மேலே லேமினேஷன் வேறு. நன்றாகச் செலவு செய்திருக்கிறார்கள்" என்றார். வந்தவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். கணினி அறிவியலில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்புவது. விடுதியும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு ஏழரை லட்சம். அது போக, சேரும்போது ஒன்றரை லட்சம் ரொக்கம். அதற்கு ரசீது கிடையாது. ஏழரை லட்சத்துக்கும் சொத்துப் பிணை இல்லாமல் வங்கிக் கடன் வாங்கித் தருவது தங்கள் பொறுப்பு என்கிறார். இந்த வாரத்துக்குள் பத்தாயிரம் முன்பணமும் மூலச் சான்றிதழ்களும் கொடுத்தால் இடம் உறுதியாம்.

அப்பாவுக்கு மாதம் 18,000. காலண்டர் சீசனில் இரவு வேலை பார்த்தால் கொஞ்சம் கூடும். நான் பி.காம். முடித்து ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன், 13,000. அம்மா வீட்டிலிருந்தே நோட்டுப் புத்தகத்துக்குத் தாள் மடிக்கிறார். வீடு சொந்தம், அடமானம் இல்லை. என் வளையல்கள் அடகில் இருக்கின்றன, அது வேறு கதை.

அம்மாவுக்குச் சேர்த்துவிட ஆசை. எதிர்வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் கார் வாங்கிவிட்டான். தம்பி வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

தென்காசிச் சாரல்
ஜூன் 11, இரவு 10.48

முதலில் சலுகைகளைப் பாருங்கள் சகோதரி. முதல் பட்டதாரி என்றால் ஆண்டுக்கு 25,000 கல்விக் கட்டணம் குறையும். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் பொறியியலுக்கும் வந்துவிட்டது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். தம்பி எந்தப் பள்ளி?

காலண்டர் வீடு
ஜூன் 11, இரவு 11.05

அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. அதனால் அந்த ஒதுக்கீடு இல்லை. முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை, ஏனென்றால் வீட்டின் முதல் பட்டதாரி நான். பி.காம். படிப்பில் எனக்கு அந்தச் சலுகையால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. இப்போது அவனுக்கும் கிடைக்காது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனபோது இ-சேவை மையத்தில் இருந்த அண்ணன், "நீங்கள் படித்திருக்கக் கூடாது அக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஒப்புகைச் சீட்டு
ஜூன் 12, காலை 5.40

பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பதினொரு ஆண்டுகள் கிளை மேலாளர். கல்விக் கடன் கையெழுத்துக்கு வந்த பெற்றோரை எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டும்.

அம்மா, அந்த ஏழரை லட்சம் எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? ஏழரை லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. அதற்குள் வரும் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வீட்டுப் பத்திரம் கேட்போம். வந்தவருக்கு இது தெரியும். உங்கள் தம்பியின் படிப்புக்கு என்ன செலவு ஆகும் என்பது அவர் கணக்கு அல்ல. பிணை இல்லாமல் உங்கள் தலையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் அவர் கணக்கு. ஏழரை என்ற எண்ணைக் கேட்டதும் நம் ஊரில் யாரும் ஜாதகத்தைத் தூக்குவார்கள்; நீங்கள் கால்குலேட்டரைத் தூக்குங்கள்.

வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி சற்றுக் கூடும், குறையும். ஆண்டுக்கு 1,87,500 வீதம் நான்கு முறை பணம் கல்லூரிக்குப் போகிறது. படிக்கும் நான்கு ஆண்டும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி தூங்காது. முதலாண்டுப் பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாமாண்டுப் பணத்துக்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. தனி வட்டிதான், கூட்டு வட்டி அல்ல. அப்படியும் 2,75,625 சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 10,25,625.

பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 13,840. பதினைந்து ஆண்டு என்றால் மாதம் 11,340 அளவில் வரும், மொத்தம் கட்டுவது இருபது லட்சத்துக்கு மேல். தம்பிக்கு அப்போது வயது முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்கும்.

இப்போது சம்பளம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பெருங்கூட்டமாக எடுப்பவர்களுக்குக் கொடுப்பது ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை லட்சம். பல ஆண்டுகளாக அந்த இடத்திலேயே நிற்கிறது. கைக்கு வருவது இருபத்திரண்டு, இருபத்துமூன்றாயிரம். அதில் 13,840 போனால் மீதி அதிகம் போனால் ஒன்பதாயிரத்துச் சொச்சம். சென்னையில் மூவர் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் எட்டாயிரம் என்றால், வீட்டுக்கு அனுப்ப ஆயிரம் மிஞ்சும். இது வேலை கிடைத்தால். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு விலக்கு உண்டே என்று யாராவது சொல்வார்கள். மூன்றரை லட்சம் சம்பளக்காரனுக்கு வரியே வராதபோது விலக்கை வைத்து என்ன செய்வது?

அந்த ஒன்றரை லட்சம் ரொக்கம் இருக்கிறதே, அது நன்கொடை வசூல். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது குற்றம். ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது, ஆகவே அது வெளியில் மூன்று வட்டிக்குத்தான் வரும். ஏழரையை விட இந்த ஒன்றரைதான் குடும்பத்தை உடைக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

மூலச் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. முன்பணமும் கட்ட வேண்டாம்.

ராஜாவின் அப்பா
ஜூன் 12, காலை 7.15

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பையனுக்கு 198.5. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சி.எஸ்.இ. (கணினி அறிவியல்) கிடைக்குமா, அல்லது கோவை அரசு உதவிபெறும் கல்லூரி மேலா?

மட்டுறுத்துநர்
ஜூன் 12, காலை 8.02

ராஜாவின் அப்பா, வாழ்த்துகள். தனி இழை தொடங்குங்கள்.

ஓ.எம்.ஆர். வாசி
ஜூன் 12, காலை 9.30

ஐயாவின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் முதல் மாதச் சம்பளத்தை எடுத்துப் பத்து ஆண்டுத் தவணையோடு ஒப்பிடுவது நியாயமா? சம்பளம் ஏறும். நானே சாட்சி. 2011இல் நிர்வாக ஒதுக்கீட்டில்தான் சி.எஸ்.இ. சேர்ந்தேன். கடன் ஐந்து லட்சம். முதல் மூன்று ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன், பிறகு நிறுவனம் மாறினேன், சம்பளம் இரட்டிப்பானது, ஏழாவது ஆண்டில் கடனை முடித்துவிட்டேன். அப்பா அன்று துணிந்து கையெழுத்துப் போடாவிட்டால் நான் இன்று எங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்கில் இருந்திருப்பேன். எல்லாவற்றையும் வட்டிக் கணக்காகப் பார்த்தால் ஏழை வீட்டுப் பிள்ளை எதற்கும் துணிய முடியாது.

ஒப்புகைச் சீட்டு
ஜூன் 12, காலை 10.10

தம்பி, உங்கள் வெற்றியில் எனக்கு மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி. உங்கள் வகுப்பில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

ஓ.எம்.ஆர். வாசி
ஜூன் 12, பிற்பகல் 1.45

சாப்பாட்டு நேரத்தில் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 54 பேர். பேசுகிறவர்கள் இருபது பேர் இருப்போம். நாங்கள் எல்லோரும் ஐ.டி.யில் இருக்கிறோம். மற்றவர்கள் திருமணப் பத்திரிகை வந்தால் மட்டும் வாழ்த்து போடுவார்கள். ஒருவன் காப்பீட்டு முகவர், ஒருவன் துபாயில் கிடங்கு வேலை, இருவர் அரசுத் தேர்வுக்கு இன்னும் படிக்கிறார்கள் என்று தெரியும். மற்றவர்களைக் கேட்டதில்லை.

என் சித்தப்பா மகன் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் வளாகத் தேர்வில் எடுத்தார்கள். நியமனக் கடிதம் கையில், சேரும் தேதி மட்டும் வரவில்லை. பதினான்கு மாதம் காத்திருந்தான். வங்கியின் ஓராண்டு அவகாசம் அதற்குள் முடிந்துவிட்டது.

ஆக, முன்பு சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். சி.எஸ்.இ. வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அதற்கு நிர்வாக ஒதுக்கீடுதான் வழி என்றில்லை. எங்கள் அணியில் இரண்டு பேர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்து வந்தவர்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் கட்டி முடித்த படிப்பு. தொடக்கச் சம்பளம் எங்களைவிடக் குறைவு, ஏறுவதற்குக் கூடுதலாக இரண்டு மூன்று ஆண்டு ஆனது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே முழுச் சம்பளமும் வீட்டுக்குப் போனது.

லேத்துப் பட்டறை
ஜூன் 12, இரவு 8.50

கோவை. எல்லோரும் கம்ப்யூட்டரையே சுற்றி வருகிறீர்கள். பிளஸ் டூ கணிதப் பிரிவு முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அரசு பாலிடெக்னிக் கட்டணம் உங்கள் தம்பியின் செல்பேசி விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு ஆண்டில் டிப்ளமோ. கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் கை பழகியவனுக்கு இங்கே வேலை தேட வேண்டியதில்லை.

ஆனால் தேன் தடவிச் சொல்ல மாட்டேன். நான் டிப்ளமோ. ஆறாவது ஆண்டில் மேற்பார்வையாளர் ஆனேன். ஒன்பதாவது ஆண்டில் பி.இ. முடித்த ஒரு பையனை எனக்கு மேலே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று நான்தான் அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். நல்ல பையன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அன்று இரவே முடிவு செய்து பகுதிநேர பி.இ. சேர்ந்தேன். ஷிப்டு முடிந்து கையில் ஆயில் வாடையோடு மாலை வகுப்பு. கட்டணத்தை என் சம்பளத்திலிருந்தே கட்டினேன், கடன் இல்லை. முடிக்கும்போது எனக்கு முப்பத்துமூன்று வயது.

இந்த வழி நீளம். நடுவில் கல்யாணம், குழந்தை என்று எல்லாம் குறுக்கே வரும். ஆனால் யார் காலிலும் விழ வேண்டியதில்லை.

நான்காம் செமஸ்டர்
ஜூன் 12, இரவு 9.37

அரசு ஒதுக்கீட்டில், அதாவது கலந்தாய்வு வழியில், தனியார் கல்லூரியில் இ.இ.இ. (மின், மின்னணுவியல்) படிக்கிறேன். அக்காவுக்கு ஒரு தகவல். அரசு ஒதுக்கீட்டுக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000, தேசியத் தர அங்கீகாரம் (என்.பி.ஏ.) பெற்ற பிரிவுக்கு 55,000 என்று 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கே 85,000, 87,000தான் என்றது அதே குழு. ஏழரை லட்சம் சொன்னவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் 55,000த்தோடு முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். என் நோட்டில் எழுதி வைத்திருக்கும் முதலாண்டுச் செலவு: கல்லூரிப் பேருந்து 24,000, இரண்டு செட் சீருடையும் ஷூவும் 4,800, தேர்வுக் கட்டணம் இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டி, வரைபடப் பலகை, ஆய்வக ரெக்கார்டு நோட்டு, கால்குலேட்டர் எல்லாம் 3,000. "வேலைவாய்ப்புப் பயிற்சி" என்று முதல் ஆண்டிலேயே 6,000 வாங்கினார்கள். என்ன பயிற்சி என்று கேட்டால் மூன்றாம் ஆண்டில் தெரியும் என்றார்கள். விடுதியில் இருந்தால் இதெல்லாம் சில்லறை.

கல்லூரிக்குப் போய்க் கேட்கும்போது "மொத்தம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், ஒரு பதில்தான் வரும். அங்கே படிக்கும் பிள்ளையைக் கேன்டீனில் பிடித்து, "போன ஆண்டு எதற்கெல்லாம் கட்டினாய்" என்று கேளுங்கள்.

இப்போதைக்கு ஆசிரியர்
ஜூன் 13, அதிகாலை 12.30

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர். ஏப்ரல் முதல் ஜூன் வரை எங்கள் வேலை பாடம் நடத்துவது அல்ல. ஆளுக்கு இத்தனை சேர்க்கை என்று இலக்கு. பள்ளிகளில் மாணவர் பட்டியல் வாங்கி, வீடு வீடாகப் போக வேண்டும். உங்கள் வீட்டில் காப்பி குடித்தவர் முகவராக இருந்தால் அவருக்குத் தரகு. ஆசிரியராக இருந்தால் அடுத்த மாதச் சம்பளம் வருவதே அந்தப் பத்தாயிரத்தில்தான். அவர்மேல் கோபப்படாதீர்கள், ஆனால் பணமும் கொடுக்காதீர்கள்.

கையேட்டில் "98 சதவீத வேலைவாய்ப்பு" இருக்கும். அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றால், முதலில் அரியர் வைத்திருப்பவரை நீக்குவார்கள். மேற்படிப்பு, சொந்தத் தொழில் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி இன்னொரு கூட்டத்தை நீக்குவார்கள். மிஞ்சியவர்தான் "தகுதியுடையோர்". அதிலும் ஒரே மாணவனுக்கு மூன்று நியமனக் கடிதம் வந்தால் மூன்று வேலை. ஃபிளெக்சில் அவன் முகம் மூன்று இடத்தில் இருக்கும், சட்டை நிறம்கூட மாறியிருக்காது.

உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி, தான் கொடுத்த புள்ளிவிவரத்தைத் தன் இணையதளத்திலேயே வைக்க வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், அது ஒரே ஒருவனுடையது. இடைநிலை என்றால் வரிசையில் நடுவில் நிற்பவனுடையது. உங்கள் தம்பி அந்த நடு ஆள் என்று வைத்துக்கொண்டு ஐயா போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள். விண்ணப்பிக்கவே இல்லாத கல்லூரி என்றால் அதுவும் ஒரு பதில்தான். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். தேசியத் தர அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, பிரிவுக்குத்தான். வாசலில் பலகை இருந்தாலும் உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

சி.எஸ்.இ. மோகம் பற்றியும் ஒரு வார்த்தை. நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு இருந்த சேர்க்கை உச்சவரம்பை 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) எடுத்துவிட்டது. இயந்திரவியல், கட்டடவியல் இடங்களை மூடிவிட்டு அதே கட்டடத்தில் கணினி இடங்களைத் திறக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் டெக்ஸ்டைல் ஆய்வகத்தில் தறியை எடுத்துவிட்டுக் கணினி வைத்தார்கள். பாடம் நடத்துபவரும் முன்பு தறிப்பாடம் நடத்தியவர்தான். இரவில் அவர் படித்து, காலையில் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். பாவம், நேர்மையாகத்தான் செய்கிறார்.

தவணை தவறியவன்
ஜூன் 13, காலை 6.20

மேலே யாரும் சொல்லாத ஒன்று. கல்விக் கடன் பத்திரத்தில் மாணவனோடு அப்பாவும் கையெழுத்துப் போடுகிறார். கூட்டுக் கடன்தாரர். நான் 2014இல் முடித்தேன். வேலை ஒன்றரை ஆண்டு கழித்து, அதுவும் பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைத்தது. தேர்தல் வந்தது, தள்ளுபடி செய்வோம் என்றார்கள், காத்திருந்தேன். இன்னொரு தேர்தல் வந்தது, இன்னும் காத்திருந்தேன். தள்ளுபடி வரவில்லை, வசூல் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். என்னைத் தேடி அல்ல, அப்பாவைத் தேடி. அப்பா டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது எல்லோர் முன்னாலும் கேட்டார். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கடைக்குப் போகவில்லை. தங்கை கல்யாணத்துக்கு அவர் கேட்ட நகைக்கடனுக்குக்கூட மேலாளர் இருமுறை யோசித்தார்.

கடனை இப்போது சமரசம் பேசி முடித்துவிட்டேன். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் இன்னும் எழவில்லை.

ஒப்புகைச் சீட்டு
ஜூன் 13, காலை 6.55

தவணை தவறியவருக்கு: உங்களைப் போன்றவர்களை வரிசையாகப் பார்த்தவன் நான். வேலை கிடைக்கவில்லை என்றால் அவகாசம் முடியும் முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தால் தவணைக் காலத்தை மாற்றி அமைக்க வழி உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை. நாங்களும் கூப்பிட்டுச் சொல்வதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சிவகாசி அம்மாவுக்கு: கலந்தாய்வு வழியில் போனால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். அந்த நான்காம் செமஸ்டர் பெண் சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 95,800. லட்சம் என்றே வைப்போம். நான்கு லட்சம் கடன். நான்கு லட்சம் வரை நீங்கள் கைக்காசு எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் ஐந்து சதவீதம் நீங்கள் போட வேண்டும். ஒன்றும் கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும்போது 5,47,000 ஆகும். பத்து ஆண்டுக்கு மாதம் 7,380.

இதிலும் ஒரு வழி இருக்கிறது. படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டுங்கள். முதலாண்டு ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 875. தம்பி தமிழ் வழியில், உதவிபெறும் பள்ளியில் படித்தவன் என்கிறீர்கள். அப்படியானால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவனுக்கு மாதம் 1,000 வரும். முதலாண்டு வட்டி அதிலேயே அடங்கிவிடும், 125 ரூபாய் அவன் டீ குடிக்க. இரண்டாமாண்டு 1,750, பிறகு 2,625, 3,500 என்று ஏறும். அதில் ஆயிரம் போக மீதியை நீங்கள் போட வேண்டும். அப்படிச் செய்தால் படிப்பு முடியும்போது கடன் நான்கு லட்சமாகவே நிற்கும், தவணை 5,400க்குள். வட்டியைத் தவறாமல் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகளில் ஒரு சதவீதம் வட்டிச் சலுகையும் உண்டு.

உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் வருவதால் மத்திய அரசின் வட்டி மானியத்துக்கும் விண்ணப்பியுங்கள். வட்டாட்சியர் வருமானச் சான்று வேண்டும், கல்லூரிக்கான நாக் (NAAC) அங்கீகாரமோ பிரிவுக்கான தேசியத் தர அங்கீகாரமோ இருக்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும். மானியம் வரும்போது வரட்டும், வராது என்றே திட்டமிடுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்த நினைப்பே வேண்டாம்.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அச்செடுத்துக் கிளையில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். என் பெயரே அதனால்தான். "பிறகு வாருங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனை மறுப்பதென்றால் கிளை மேலாளர் தனியாக மறுக்கக் கூடாது. மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். எழுத்தில் கேட்டாலே பாதி மேலாளர்கள் நாற்காலியைக் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன்.

காலண்டர் வீடு
ஜூன் 13, இரவு 11.40

எல்லோருக்கும் நன்றி. ஐயா போட்ட கணக்கை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா இருபது லட்சத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வயதைத்தான் பார்த்தார். "அப்போ கல்யாணம் எப்போ?" என்றார்.

தம்பி அப்போதுதான் வாயைத் திறந்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாமாம். அப்பா அச்சகத்தில் நான்கு வண்ண மெஷினின் மின்சுற்றுப் பலகை பழுதானபோது கோவையிலிருந்து ஒருவர் வந்து சரிசெய்தார், ஒரு நாளைக்கு எட்டாயிரம் வாங்கினார், அதை நாள் முழுவதும் நின்று பார்த்தேன் என்கிறான். இதைப் போன ஆண்டே சொல்வதற்கென்ன என்றால், யாரும் கேட்கவில்லையே என்கிறான்.

அந்த மனிதர் மறுபடி தொலைபேசியில் அழைத்தார். 87,000 என்றேன். "அது காகிதத்தில் இருப்பது மேடம்" என்றார். காகிதம் எங்கள் குலத்தொழில் என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை.

லேத்துப் பட்டறை
ஜூன் 14, காலை 7.05

மின்சுற்றுப் பலகை பார்க்கும் ஆசை இருந்தால் இ.இ.இ. அல்லது இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல்) போடச் சொல்லுங்கள். கலந்தாய்வில் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பயந்து பத்தோடு நிறுத்தாதீர்கள், ஆனால் சேர விருப்பமில்லாத கல்லூரியைப் பட்டியலில் வைக்காதீர்கள். கிடைத்த பிறகு அழக் கூடாது.

காலண்டர் வீடு
ஆகஸ்ட் 3, மாலை 6.15

நேற்று அப்பாவின் அச்சகத்தில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதே வேளையில் தம்பிக்குத் தற்காலிக ஒதுக்கீடு வந்தது. இரண்டாம் சுற்று. 64 விருப்பங்கள் கொடுத்திருந்தோம், பதினேழாவது கிடைத்தது. தனியார் கல்லூரி, இ.சி.இ., பிரிவுக்குத் தர அங்கீகாரம் இருக்கிறது, வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இடைநிலைச் சம்பளத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் பார்த்துவிட்டோம். பிரமாதம் இல்லை, பொய்யும் இல்லை. மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டேன். "இதுவே போதும், நான் வீட்டிலிருந்தே போகிறேன்" என்றான். ஏற்றுக்கொண்டு சேர்வதாகக் கொடுத்துவிட்டோம்.

ஓ.எம்.ஆர். வாசி
ஆகஸ்ட் 3, இரவு 7.20

வாழ்த்துகள். இரண்டாம் ஆண்டிலிருந்தே பைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், எந்தப் பிரிவானாலும் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் எனக்குத் தனிமடல் போடட்டும்.

ஒப்புகைச் சீட்டு
ஆகஸ்ட் 4, காலை 5.30

நல்லது. கடன் வழங்கியதும் வட்டியைத் தம்பியின் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் 7ஆம் தேதி தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். உதவித்தொகையும் அதே கணக்குக்கு வரட்டும். கையால் கட்டுகிறேன் என்று சொன்ன யாரும் நான்காவது மாதம் கட்டி நான் பார்த்ததில்லை.

காலண்டர் வீடு
செப்டம்பர் 19, இரவு 9.50

கடன் வந்துவிட்டது ஐயா. முதல் முறை போனபோது "அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். ஒப்புகை கேட்டேன். நீங்கள் சொன்னது போலவே நாற்காலி வந்தது. சீருடையையும் கால்குலேட்டரையும் நாங்களே வாங்கிவிட்டதால் இந்த ஆண்டுக்கு 91,700தான் எடுத்தோம். மாத வட்டி 875 இல்லை, 802. எழுதிக் கொடுத்துவிட்டோம். தமிழ்ப் புதல்வன் பணம் இன்னும் வரவில்லை, கல்லூரியில் பதிவு நடக்கிறதாம். அதுவரை இரண்டு மாத வட்டியை நான் போட்டிருக்கிறேன். வளையலை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.